சீதனக் காரும் ஒரு தேசிக்காயும்

அப்பா எனக்குச் சீதனமாக வவுணதீவு வீட்டோடு தன் காரையும் கொடுத்தார். வீட்டில் ஒரு குறையும் இல்லை. கார்தான் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும்.

முன்னறிவிப்பே கிடையாது. எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கும், ஸ்டேரிங் இறுகிவிடும், பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்ததுபோல் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

புத்தியுள்ளவர்கள் கராஜுக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. பழைய பழுது என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், பழுதான காரை மருமகனின் தலையில் கட்டியவர் என்று அப்பாவின் மானம் போகும். புதுப் பழுது என்றால், கொடுத்ததை வைத்திருக்கத் தெரியாதவர் என்று என் கணவரின் மானம் போகும். அதனால் இருவருமாகச் சேர்ந்து காரில் பழுதே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அந்த இரண்டு மானங்களுக்கும் நடுவில், காருக்குள், நானும் என் மகளும் இருந்தோம். என் வேலையும் அவளுடைய பள்ளிக்கூடமும் டவுனில். தினமும் வாவியைத் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸில் போகிறோம் என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன்.

"வாசல்ல கார் நிக்க, என்ட பொஞ்சாதி புள்ள பஸ்ஸில போறதா? சனம் என்ன சொல்லும்?" என்பார் கணவர். பின்வளவில் இருக்கும் அப்பாவும் அதற்கு ஓம் போடுவார்.

பழுது இல்லையென்றால் கார் ஏன் நிற்கிறது? அதற்கும் விடை வைத்திருந்தார்கள். காரைக் கையளித்த அன்று கர்ப்பூரம் கொளுத்தி, நான்கு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்கள். மூன்று நசிந்தன. ஒன்று நசியாமல் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டது. அப்பா கோணலாக வைத்துவிட்டார் என்பது கணவரின் கட்சி. கணவர் ஸ்டேரிங்கை வெட்டிவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. கணவர் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர். அப்பா வயல் வட்டையில் உழவு மெசின் நின்றால் சேற்றுக்குள் இறங்கித் தன் கையாலேயே கழற்றிப் பூட்டுகிறவர். இந்தக் காரின் பொனெற்றை மட்டும் இருவரும் திறக்க மாட்டார்கள். எனக்கு வெறுத்துப்போனது.

ஒருநாள் கணவர் ஓட்ட, மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாலம் தாண்டி வரும் வளைவில் நடு வீதியில் கார் செத்தது. பின்னால் நெல் மூட்டை ஏற்றிய லொறி. லொறிக்காரன் வெட்டித் திருப்பி எங்களை உரசிக்கொண்டு போனதில் வலப்பக்கக் கண்ணாடி பெயர்ந்து விழுந்தது. அதற்கு நேர் பின்னால் மகள் இருந்தாள். அவள் அழவில்லை. உடுப்போடு சிறுநீர் போயிருந்தாள்.

கணவர் உடனே போனை எடுத்தார். யாருக்கு? அப்பாவுக்கு. அப்பா மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கியதும் தொடங்கினார்கள்.

"மாமா, அண்டைக்கு நீங்க தேசிக்காயச் சரியா வெச்சிருந்தா இது வராது."

"நான் வெச்சதுல பிழ இல்ல மருமகன். நீங்கதான் ஸ்டேரிங்க வெட்டினீங்க."

ஈரச் சட்டையோடு பேத்தி நிற்கிறாள். இருவரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர்களிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ரெண்டு பேரிலயும் பிழ இல்ல," என்றேன். "எனக்கு ஏழரைச் சனி நடக்குது. நான் ஏறினாத்தான் கார் நிக்குது. புள்ளைக்கும் என்ட ராசிதானே."

எனக்கு அப்படி ஒரு சனியும் நடக்கவில்லை. கல்யாணத்துக்கு என் சாதகத்தை வரிக்கு வரி பார்த்தவர்கள் இருவரும். ஆனாலும் ஒருவரும் மறுக்கவில்லை. இருவர் முகத்திலும் அப்படி ஒரு தெளிவு வந்தது.

"அதானே பாத்தன்," என்றார் கணவர். "அப்ப இனி நீயும் புள்ளையும் பஸ்ஸில போங்க. சனம் கேட்டா அதயே சொல்லலாம்."

"ஓம் மனே, அதுதான் நல்லம்," என்றார் அப்பா. "நீ ஒண்டும் மனசுல வெச்சிக்காத."

இருவரும் என்னை மன்னித்துவிட்டார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். அதன்பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை.