நந்தாவின் பிறந்த வீட்டுச் சீர்

இன்று தலைநகரின் சரோஜினி நகர்ச் சந்தையில், மீசை உறைந்து ஈட்டியாகிவிட்ட குளிரில், ஸ்வெட்டர் விற்கும் கர்வால் மலைக்கார அம்மாளிடம் பேரம் பேசினேன்.

“அசல் மலையாட்டுக் கம்பளியா, பஹன்ஜி?”

“மில் நூல் பாபுஜி. எங்க மலையை நேஷனல் பார்க் ஆக்கிட்டாங்க. மேய்ச்சல் கிடையாது, ஆட்டையெல்லாம் வித்தாச்சு.”

“கவலை வேண்டாம், உங்க மலைத்தெய்வம் நந்தாதேவி பார்த்துக்குவா!” என்று சக்கரவர்த்தி போல அருள்பாலித்தேன்.

“அவளைப் பார்க்கத்தான் விடலையே! நந்தா எங்க ஊர்ப் பொண்ணு. சிவனுக்குக் கட்டிக்கொடுத்து மலைக்கு அனுப்பினோம். வளையலும் வெள்ளரிக்காயும் சீர் கொண்டுபோவோம். இப்ப யாரும் வரலைன்னா, அம்மா வீட்டுல மறந்துட்டாங்கன்னு நினைச்சுக்க மாட்டாளா?”

இமயத்தையே பாதி விலைக்குக் கேட்கும் நான், அவர் சொன்ன விலையைக் கொடுத்து ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டேன்.

சிறுத்தைக்கும் கஸ்தூரி மானுக்கும் காவல் போட்டது நியாயம்தான். சீர்த்தட்டோடு வருகிறவர்கள் எந்த வாசலில் நிற்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்த அம்மாளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.