மேலுமலை மேட்டுல அக்கா கண்டுபுடிச்சது

அக்கா போயி ஒரு வருசம் ஆச்சு. இன்னிக்கி வந்திருக்கிற சொந்தக்காரங்க, கம்பெனிக்காரங்க எல்லாருக்கும் என் கும்பிடு. "நினைவு நாள் புத்தகத்துல தம்பிதான் எழுதணும்"னு மாமா சொல்லிட்டாரு. நான் எழுதுனா என் கையெழுத்த என்னாலயே படிக்க முடியாது. ஆறாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்து வரல. அதனால நான் சொல்லச் சொல்ல அக்கா பொண்ணு போன்ல அடிச்சிக்கிட்டு வருது. தப்பு இருந்தா அத திட்டுங்க. நல்லா இருந்தா என்கிட்ட சொல்லுங்க.

அக்கா பொறந்தது மத்தூர். அப்பா சீக்கிரமே போயிட்டாரு. அம்மா தக்காளி தோட்டத்துக்குக் கூலிக்குப் போயி எங்க ரெண்டு பேரையும் ஆளாக்குச்சு. அக்கா பன்னெண்டாவது முடிச்சதும் ஓசூர்ல வண்டி உதிரிபாகம் செய்யிற கம்பெனில சேந்துச்சு. அக்காவக் கட்டுன மாமாவும் அதே கம்பெனிதான். இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல அக்கா பதினெட்டு வருசம். தேறாத பீஸ செவப்பு டப்பால தூக்கிப் போடறதுதான் வேல. என்னை மட்டும் போடாம விட்டுச்சு. போட்டிருந்தா நியாயம்.

அம்மா மத்தூர விட்டு வரமாட்டேன்னு ஒரே புடிவாதம். அதுக்காவே அக்கா ஒரு பழைய டீசல் காரு வாங்குச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா மத்தூர். அம்மாவுக்குத் தல வாரி, துணி தொவச்சி, வாரத்துக்கு மாத்திரை பிரிச்சி வெச்சிட்டு சாயங்காலம் திரும்பிடும். இது ஒம்பது வருசத்துக்கு முன்னாடி, அப்ப நான் சூளகிரில மெக்கானிக் ஷெட்டு போட்டு மூணு மாசம். போர்டு பெருசு, தொழில் சிறுசு.

அந்த வருசம் ஆயுத பூஜை முடிஞ்சி பத்து நாள் இருக்கும். திரும்பி வரும்போது மேலுமலை மேட்டுல காரு தம் கட்டுது. கீழ ரோட்டுல குதுர மாதிரி ஓடும், மேட்டக் கண்டா நடக்கும். பின்னாடி லாரிக்காரன் எல்லாம் ஆரன் அடிச்சே கொல்றான். நான் டீசல் பில்டர மாத்துனேன். ஏறல. டீசல் பீச்சற நாசில கழட்டி மாட்டுனேன். ஏறல. வேற தெரியாதப்ப மெக்கானிக் சொல்றத சொன்னேன்: "எஞ்சின் போச்சுக்கா."

மாமா பயந்துட்டாரு. "நடு மேட்டுல நின்னு எவனாச்சும் வந்து மோதுனா? வித்துடலாம்"னு ஆளையும் புடிச்சிட்டாரு. திங்கக்கிழமை பாக்க வர்றான். வித்தா அடுத்த வண்டி வாங்க அக்காவால ஆவாது. பஸ்ஸுல போயி வர அதோட இடுப்பு ஒத்துக்காது. ஞாயித்துக்கிழமை போச்சு, அம்மாவப் பாக்கறதும் போச்சு. அக்கா, "கடைசியா ஒரு தடவ மத்தூர் போயிட்டு வந்துடறோம்"னு என்னையும் ஏத்திக்கிச்சு.

திரும்பும்போது பாதி மேட்டுல, டீக்கடை ஓரமா நிறுத்துச்சு.

"எறங்கி நாலு சக்கரத்தையும் தொட்டுப் பாரு."

"எதுக்கு?"

"பிரேக்கு புடிச்சிக்கிட்டிருந்தா சுடும்டா."

சுடல. அடுத்து, "புகை என்ன கலரு?"ன்னு கேட்டுச்சு.

"கறுப்பு."

"ஆயில் எரிஞ்சா நீலமா வரும்னு நீதான சொன்ன? கறுப்பா வருதுன்னா டீசல் வருது, காத்து பத்தல. ஆயுத பூஜைக்கு முன்னாடி மூணாவது கியர்ல ஏறுன வண்டி. அதுக்கப்புறம் என்ன பண்ண?"

எனக்குக் கோவம். "நட்டு அளக்கறவ மெக்கானிக்குக்குப் பாடம் நடத்தறியா?"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். கூடவே ரெண்டு போண்டா.

அக்கா பானட்டத் தொறந்து ஏர் பில்டர எடுத்துப் பாத்துச்சு. சுத்தமா இருக்கு. திரும்ப வெச்சி, பில்டர் டப்பா மூடிய மட்டும் மாட்டாம மேட்டுல ஏத்துச்சு. வண்டி ஜம்முனு போவுது! டீக்கடைக்காரரு தெலுங்குல, "ஏமன்னா, மெக்கானிக்கு நுவ்வா, அக்காவா?"ன்னாரு, நீயா அக்காவான்னு. போண்டா தொண்டைல நின்னுடுச்சு.

திரும்பி வந்து, "மூடி இல்லன்னா காத்து நேரா போவுது, அப்ப பில்டருக்கு முன்னாடி கொழாய்லதான் அடப்பு"ன்னு சொல்லி, கொழாய கழட்டி வெரல வுட்டு இழுத்துச்சு. பச்சக் கட்டம் போட்ட துணி வருது, வருது, வந்துக்கிட்டே இருக்குது.

"இது உன் லுங்கிதானடா?"

என் லுங்கியேதான். பூஜைக்கு எஞ்சின பிரஷர் தண்ணில கழுவுனப்ப உள்ள தண்ணி போவக்கூடாதுன்னு நான் அடச்சது. கழுவி, சந்தனம் வெச்சி, பூசணிக்கா ஒடச்சேன். பொரி கடலய பாத்ததும் துணி மறந்துபோச்சு. காத்து இழுத்து இழுத்து உள்ள போயி மாட்டிக்கிச்சு.

அக்கா தெலுங்குல கொஞ்சம், கன்னடத்துல கொஞ்சம் திட்டுச்சு. தமிழ்ல சிரிச்சுச்சு.

வூட்டுக்கு வந்ததும் மாமா வாசல்ல நிக்கறாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அக்கா சொல்லிடுச்சு: "தம்பி கண்டுபுடிச்சிட்டான். எலி துணிய இழுத்துட்டு வந்து கூடு கட்டியிருக்கு. வண்டிய விக்க வேணாம்."

நான் வாய மூடிக்கிட்டேன். அடுத்த வாரத்துலயிருந்து மாமா கூட வேல செய்யிறவங்க காரெல்லாம் என் ஷெட்டு வாசல்ல. இன்னிக்கி நான் நாலு பேருக்கு வேல குடுக்கறேன்னா அந்த எலி போட்ட சோறு. ஒம்பது வருசமா சொல்லாம இருந்துட்டேன். அந்த எலி நான்தான்.

அதுக்கப்புறம் அம்மா ரெண்டு வருசம் இருந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமைகூட அக்கா தவறல. அம்மா உயிர் போனதும் ஒரு ஞாயித்துக்கிழமைதான், அக்கா மடியில.

போன வருசம் அக்காவுக்குக் கிட்னி கெட்டுச்சு. மூணு மாசம் ஆஸ்பத்திரி. ஷிப்டு முடிச்சிட்டு வூட்டுக்குக்கூட போவாம வந்து பக்கத்துல இருந்த கம்பெனி பொம்பளைங்களுக்கும், ரத்தம் குடுத்த பசங்களுக்கும், மொகம் சுளிக்காம பாத்த நர்சம்மாக்களுக்கும் எங்க குடும்பம் கடம்பட்டிருக்குது.

இதெல்லாம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அக்கா பொண்ண மாமாகிட்ட படிச்சிக் காட்டச் சொன்னேன். லுங்கி வந்த எடத்துல எனக்கு வேர்த்துடுச்சு. மாமா சிரிக்கறாரு.

"அன்னிக்கே தெரியும் மச்சான். வந்து எறங்குனப்ப உங்கக்கா முந்தானையெல்லாம் கரி. நீ சலவ சட்டையோட நிக்கற. நீ கண்டுபுடிச்ச, எலி கட்டுன கூடுன்னு எவன் நம்புவான்?"

"தெரிஞ்சுமா மாமா எல்லாரையும் என்கிட்ட அனுப்புனீங்க?"

"உங்கக்காகிட்ட கேட்டேன். 'அவனுக்குத் தொழில் வந்துடுங்க, மொதல்ல வண்டி வரணும்'னு சொன்னா. அனுப்புனேன்."

மாமா, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. அக்காவுக்குச் சொல்ல வேண்டியத தள்ளித் தள்ளிப் போட்டே விட்டுட்டேன். உங்களுக்காச்சும் உயிரோட இருக்கும்போதே சொல்லிடறேன்.