முதல் மூட்டையில் ஒரு பிடி அரிசி

பிள்ளைகளே, உங்கள் அம்மா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் இதைப் படிக்கட்டும். ஆனாலும் நான் எழுதுவது உங்கள் இரண்டு பேருக்காகத்தான்.

உங்கள் அம்மா பேத்தமங்களாவில் பிறந்தார். தக்காளியும் மிளகாயும் பறித்து வளர்ந்தவர். எனக்கு வாழ்க்கைப்பட்டு, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீட்டுக்கு வந்த அன்று, அவர் மடியில் பச்சரிசியும் மஞ்சளும் வெற்றிலையும் கட்டி அனுப்பினார்கள். பெண் போகிற இடத்தில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று கன்னடக்காரர்கள் செய்யும் வழக்கம் அது. மடிலக்கி என்பார்கள். பக்கத்திலேயே இருந்து நம் சனங்களும் அதைப் பழகிக்கொண்டார்கள்.

தங்கச் சுரங்கம் மூடிய பிறகு நம் ஊர் எப்படி ஆனது என்று உங்களுக்குத் தெரியும். விடியும் முன் ரயில் பிடித்து பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போகும் பெண்கள், பெற்ற பிள்ளையைத் தூங்கும்போதுதான் பார்க்கிறார்கள். அம்மாவும் அப்படிப் போனவர்தான். நம் லைன் பெண்களை அந்த ரயிலிலிருந்து இறக்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை.

சென்னையில் ஒரு வியாபாரி காய்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளிச் சீனாவுக்கு அனுப்புகிறார் என்று கேள்விப்பட்டு, அம்மா அவரைத் தேடிப் போய்ப் பேசினார். நம் ஊரிலேயே பாலகாட் பக்கம் ஒரு பழைய கொட்டகை கிடைத்தது; லைன் பெண்கள் ரயிலை விட்டு அங்கே கிள்ள உட்கார்ந்தார்கள். வியாபாரி வந்து பார்த்த அன்று அம்மா கேட்டார்: "சைனாக்காரங்க எல்லாம் ஒரே மாதிரியா சார் சாப்புடுவாங்க?"

"அது ஒரு நாடுன்னு பேருதாம்மா. ஒரு பக்கத்துல கண்ணுல தண்ணி வரணும். இன்னொரு பக்கத்துல செவப்பா இருந்தா போதும், காரம் பட்டா திட்டுவான்."

"அப்போ நம்ம லைன் மாதிரிதான். எதிர் வீட்டு ரெட்டியம்மா கொழம்பும் எங்க கொழம்பும் ஒண்ணா இன்னா?"

கூட உட்கார்ந்து கிள்ளிக்கொண்டிருந்த உங்கள் அத்தை, நம் வீட்டோடு இருக்கும் என் தங்கை, சும்மா இருப்பாளா? "ஏன் அண்ணி, நம்ம மொளகாய தின்னுட்டு அழுவறவன் இன்னா பாஷையில நம்மள திட்டுவான்?"

"எந்த பாஷையில வேணா திட்டட்டும். மறுபடி ஆர்டர் குடுத்தா சரி."

கை எரிந்தது, இருமல் வந்தது. ஆனாலும் அந்தக் கொட்டகையில் சிரிப்புச் சத்தம் இருந்தது. லாரி கிளம்பிய அன்று மூட்டைகளுக்குப் பொட்டு வைத்து அனுப்பினார்கள்.

சீனத் துறைமுகத்தில் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மிளகாய்க்கு நடுவே ஒரு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே பச்சரிசி, மஞ்சள் கிழங்கு, காய்ந்த வெற்றிலை. அரிசியில் உயிரோடு வண்டு. சரக்கு மொத்தத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

வியாபாரி போனில் கத்தியது கொட்டகை முழுக்கக் கேட்டது. "மூட்டையில அரிசி வெச்சது யாரும்மா?"

"நான்தான் சார்," என்றார் அம்மா.

"சரக்கு அனுப்பறியா, பொண்ண அனுப்பறியா?"

அதன்பின் அந்த வியாபாரியும் ஆர்டர் கொடுக்கவில்லை, வேறு யாரும் கொடுக்கவில்லை. கொட்டகையைப் பூட்டினோம். பெண்கள் மறுபடி ரயிலேறினார்கள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில், "சைனாவுக்கு மடிலக்கி அனுப்புன மகராசி வரா பாரு" என்று ஒருவர் சொல்ல, பந்தியே சிரித்தது. அதற்குப் பிறகு அம்மா எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் தலை குனிந்தே திரும்புவார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வைத்தியத்துக்கு அதே ரயிலில்தான் கூட்டிப்போனேன். அந்தப் பெண்கள்தான் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வருவார். தேறவே இல்லை.

எடுப்பதற்கு முன் எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். அத்தையின் முறை வந்தபோது, மூடிய கையைத் திறக்கவே இல்லை. "அண்ணி, நான் வெச்ச அரிசிய நீங்க வெச்சதா ஏன் சொன்னீங்க?" என்று எல்லோர் முன்னாலும் அலறினாள். "மொத மொதல்ல வெளிநாடு போவுதே, பொண்ணு மாதிரி நல்லா போவட்டும்னுதானே வெச்சேன். ஆளாளுக்கு என்னத் தின்னுடுவாங்கன்னு, 'உனக்கு இந்த வூட்ட வுட்டா போக்கிடம் இல்ல, எனக்கு உங்கண்ணன் கீறாரு, வாய மூடு'ன்னீங்களே!"

எனக்கும் அன்றுதான் தெரியும். அத்தை கையிலிருந்த அரிசியை அம்மாவின் முந்தானையில் முடிந்தாள். யாரும் தடுக்கவில்லை. அம்மா போகிற இடத்தில் பிரித்துப் பார்க்கிறவர்கள் இல்லை.

"அண்ணா, நான்தான்னு எழுது. சிரிச்சவங்க கைக்குத்தான் இந்த பொஸ்தகம் போவப்போவுது" என்று அவளே சொன்னதால் எழுதினேன். எழுதி என்ன? அம்மாவுக்கு இனி எதுவும் கேட்காது. கொட்டகைப் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. நாளைக்கும் அந்தப் பெண்கள் இருட்டில் ஸ்டேஷனுக்கு நடப்பார்கள், அத்தையும் கூடப் போவாள்.

ரயிலில் இடம் கொடுத்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்த ரெட்டியம்மாவுக்கும், கோபத்தை மறந்து மாலையோடு வந்து நின்ற சென்னை வியாபாரிக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

பிள்ளைகளே, உங்கள் அத்தையை ஒருநாளும் ஒரு சொல் சொல்லாதீர்கள். அவள் வாங்கவேண்டிய சொல்லையெல்லாம் அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார்.