டர்போவுக்கு ஜோடிக் குழாய்

மும்பை மான்குர்த் பட்டறையில் சுடலைக்கண்ணன் மூன்றாம் முறையாக அதே காருக்கு அடியில் படுத்தார். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கப் புதிதாக மாட்டிய டர்போ, ஆயில் கசிந்து எரிந்து நீலப் புகை கக்கியது. டர்போவே போலி என்று சாதித்தான் கார்க்காரன் காளிராஜ்.

டர்போவுக்கு ஆயில் ஏற்றும் குழாய் பென்சில் பருமனைத் தாண்டக் கூடாது; தாண்டினால் ஆயில் வெள்ளமாகிவிடும். வடிகுழாய் கட்டைவிரலைவிடத் தடிக்க வேண்டும். இவனோ பார்வைக்கு ஜோடியாக இருக்கட்டுமென்று, இரண்டையும் ஒரே மெல்லிய அளவில் வாங்கி வந்திருந்தான்.

“உள்ள பம்பு தள்ளுது தம்பி, வெளிய தானா வடியணும். சாக்கடை அடைச்சா தண்ணி வீட்டுக்குள்ளதான ஏறும்? மொத நாளே சொன்னேம்லா!”

காளிராஜ் குனிந்து இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தான். “சரி அண்ணாச்சி, தடிச்ச பைப்பே போடுங்க.”

அப்பாடா என்று சுடலைக்கண்ணன் எழப் போனார்.

“ஆயில் ஏத்துற பைப்பையும் அதே சைஸ்ல மாத்திருங்க. ஜோடியா இருக்கட்டும்.”

அவர் மறுபடி காருக்கு அடியிலேயே படுத்துக்கொண்டார்.