அக்காவுக்குப் பிறந்த வீட்டுச் சேலை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. படையலுக்கு வரும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பதற்காக இந்தச் சின்னப் புத்தகத்தை எழுதுகிறேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள், தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் அச்சகத்துக்காரர் என்னிடம் ஒன்று கேட்டார். "அட்டையில மகன்னு இருக்கு, உள்ள பூரா அக்கான்னு எழுதியிருக்கீங்க. எது சரிம்மா?" அட்டை அப்பா சொன்னது, உள்ளே இருப்பது நான் எழுதியது, இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள் என்றேன்.

அக்கா இந்த மலையில், எங்கள் தோட்டத்து லைன் வீட்டில், முதல் பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கங்காணி. ஆண் பிள்ளை பிறந்தது என்று லைன் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாராம். அடுத்துப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து நான் பிறந்தேன்.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் அப்போதெல்லாம் நாடகம் போடுவார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்கள். அக்கா பதினைந்து வயதில் வள்ளியாக நின்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்மவன் சீலை கட்டி நின்னா இந்த லைன்ல ஒரு பொம்பளையும் பக்கத்துல நிக்க முடியாதுலா" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாராம். பிற்பாடு அக்கா என்னிடம் சொன்னார்: "என்னை நானா பாத்து அப்பா சந்தோஷப்பட்டது அன்னிக்கு மட்டுந்தான்டி. வேஷம்னு நெனச்சிட்டாரு."

மூன்றாவது வருஷம் திருவிழா முடிந்த மறுநாள், அக்கா வேஷத்துக்கு வைத்த பொட்டை அழிக்காமல் வேலைக்குப் போனார். கொழுந்துக் காட்டில் பையன்கள் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை இதில் எழுத மாட்டேன். அன்று சாயங்காலம் லைன் வாசலில் எல்லாரும் பார்க்க அப்பா பெல்ட்டால் அடித்தார். அந்த வாரமே அக்கா, கியா பார்மில் காய்கறி ஏற்றிய லாரியில் உட்கார்ந்து கோலாலம்பூருக்குப் போய்விட்டார். எனக்கு ஐந்து வயது.

அங்கே தையல் கடையில் வேலை செய்தார். பிறகு மேடை நாடகம். பிறகு டிவி. இதெல்லாம் அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் தெரிந்தது. வீட்டுக்கு எழுதினால் அப்பா கிழித்துவிடுவார் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் அண்ணன் பெயருக்கு எழுதுவார். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டதே அந்தக் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டத்தான்.

டிவியில் முதலில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற வேலைக்காரி. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண். அப்புறம் ஒரு தீபாவளி நாடகத்தில் தேயிலைத் தோட்டத்து விதவையாக நடித்தார். எங்கள் எஸ்டேட் ஹாலில் ஒரே ஒரு டிவி. அப்பா எப்போதும் முன் வரிசை. அம்மாவும் நானும் பின்னால் தரையில். அக்கா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிப் பின்னால் போட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாருடி, ஒங்க அக்கா" என்று என் காதில் சொன்னார். அம்மா அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் நானும் அண்ணன் என்றுதான் நினைத்திருந்தேன்.

முன்னால் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார்: "வெரலைப் பாருலா. டவுன் புள்ளைக்கு இது வராது. இது கொழுந்துக் காட்டுல பொறந்த பொண்ணு."

அதைக் கடிதத்தில் எழுதினேன். அதற்குப் பிறகு அக்கா எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும், அப்பா பார்த்தாரா, என்ன சொன்னார் என்று கேட்டிருப்பார். அப்பா பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்பார். யார் என்று சொல்ல எனக்கும் அம்மாவுக்கும் தைரியம் வரவில்லை. சொன்னால் பார்ப்பதை நிறுத்திவிடுவார் என்று பயம்.

அப்படியே இரண்டு மூன்று வருஷம் போனது. அம்மா திடீரென்று இறந்தார். டிரெசர் அண்ணன் போன் போட்டு அக்காவுக்குச் சொன்னார். டாக்சியில் வந்து இறங்கினார் அக்கா. வெள்ளைச் சேலை, இடுப்பு வரைக்கும் முடி. அப்பா அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். டிவியில் பார்த்த முகம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சொன்னார்: "ஒங்காத்தாளுக்குக் கொள்ளி வைக்க நீ ஒருத்தன்தான். மொட்டை அடிச்சி வேட்டி கட்டு. இல்லாட்டி வந்த டாக்சிலயே போயிரு."

அக்கா குழாயடியில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். சவரக்காரர்தான் தயங்கினார். "அடிங்கண்ணே" என்றார் அக்கா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேட்டி கட்டி, கொள்ளிச் சட்டி தூக்கி, மகன் செய்ய வேண்டியது எல்லாம் செய்தார். அப்பா அதற்குப் பிறகு ஹாலுக்கு டிவி பார்க்கப் போகவே இல்லை.

அக்கா திரும்பிப் போனபோது ஒரு நாடகம் பாதி எடுத்திருந்தார்கள். அதில் அவர் மூத்த மருமகள். பொய் முடி வைத்துச் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தார். மேக்கப் போடும் அம்மாள் யாருக்காக மொட்டை என்று கேட்க, அம்மாவுக்கு என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு மகளா மொட்டை போடுவாள் என்று அந்த அம்மாள் கேட்டாராம். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த வேஷம் வேறு ஆளுக்குப் போனது. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

"பத்துமலை முருகனுக்கு நேந்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்டி. பொம்பளைங்களும் மொட்டை போடறதுதான அங்க. அந்த நேரத்துல எனக்கு வேற ஒண்ணும் வாயில வரல. அம்மான்னுதான் வந்துச்சு" என்று அக்கா சொன்னார்.

பிறகு நாடகக்காரர்களுக்கு உடை தைத்துப் பிழைத்தார். நெஞ்சில் நோய் வந்தது. கடைசி இரண்டு மாதம் நம் மலைக்கே வந்து தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். வேலை முடிந்து நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். முடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது. சீவி விடச் சொல்வார். ஒருநாள் சீவிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "அம்மாவுக்கு நான் மகனா இருந்துட்டேன். எனக்கு நீங்க ஒரு சீலை கொண்டாந்து போடணும். எனக்குத்தான் புருசன் வீடு கெடையாது. பொறந்த வீடாவது இருக்குன்னு தெரியட்டும்." நான் சரிக்கா என்றேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் இறந்தால் பிறந்த வீட்டுச் சேலை வராமல் எடுக்க மாட்டோம். தானா ராத்தா கடையில் சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சேலை வாங்கி வைத்தேன்.

அக்கா இறந்த அன்று லைனுக்குப் பின்னால் படுதா கட்டி, ஆண்கள்தான் அக்காவைக் குளிப்பாட்டினார்கள். வேட்டி கட்டினார்கள். நான் சேலையோடு படுதாவுக்கு வெளியே நின்றேன். வேட்டிக்கு மேலேயாவது போர்த்துங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். அப்பா கத்தவில்லை. "தூக்க நாலு பேரு வேணும்மா. சீலையைப் பாத்தா ஒருத்தனும் தோள் குடுக்க மாட்டான். என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்றார். நான் அங்கே நின்றவர்களைப் பார்த்தேன். நான் தூக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் போதும். யாரும் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். கொள்ளியை அப்பாவே வைத்தார்.

பதினாறாம் நாள் படையல் தட்டில் வேட்டியும் சட்டையும் வைத்திருந்தார்கள். நான் அதன் மேல் சேலையை வைத்தேன். அப்பா அதை எடுத்தார். எறியவில்லை. முனைக்கு முனை சேர்த்து மடித்து என் கையில் கொடுத்தார். "பொட்டில வை. கசங்கிரும்" என்றார். அவ்வளவுதான்.

அக்காவின் கடிதங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்த டிரெசர் அண்ணனுக்கு நன்றி. அன்று லாரியில் இடம் கொடுத்த, பெயர் தெரியாத டிரைவருக்கு நன்றி. கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து, வீட்டுக்குள் வந்தால் எங்களுக்குச் சங்கடம் என்று கீழே ரோட்டிலேயே நின்று பூப் போட்டுவிட்டுப் போன அக்காவின் தோழிகளுக்கு நன்றி. தோள் கொடுத்த நான்கு பேருக்கும் நன்றி. உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு.

சேலை பெட்டியில்தான் இருக்கிறது. இந்தப் படையலில் வைக்க விடுவார்களா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. இந்தப் புத்தகத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார். படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் மனசு கஷ்டப்படும் என்று அக்கா என்கிற இடத்தில் அண்ணன் என்று மாற்றிப் படிக்காதீர்கள். எழுதியபடி படியுங்கள். போதும் நிறுத்து என்று அவர் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார் என்று மட்டும் எனக்கு வந்து சொல்லுங்கள்.