பிரம்மநாயகம் வீட்டு டிவியில் வந்த ஜின்

டிவி ஓடும்போது எதிர்வீட்டு சலாவுதீன் மாமா டிவியைப் பார்க்கமாட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, திரைக்கு அரை முதுகைக் காட்டி, இடது காதை மட்டும் அதற்குக் கொடுத்துவிட்டு நம் முகங்களைப் பார்த்து உட்காருவார். உள்ளே யாராவது வாயைத் திறந்தால் கையை உயர்த்துவார். நாம் மூச்சுவிடக் கூடாது. பிறகு நடிகர் சொன்னதை நமக்குச் சொல்வார். தமிழ்ப் படத்தையும் தமிழில் சொல்வார். கதாநாயகன் 'நான் போகிறேன்' என்றால், 'போறானாம்' என்பார்.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் அவருக்கு இந்தப் பழக்கம் பத்தொன்பது வயதில் தொற்றியது. அப்போது எங்கள் சந்தில் டிவி இருந்தது பிரம்மநாயகம் அண்ணாச்சி வீட்டில் மட்டும். வந்ததெல்லாம் மராத்தியும் இந்தியும். பார்க்க உட்கார்ந்தவர்களோ ரயிலைவிட்டு இறங்கி வேர்வை காயாத திருநெல்வேலிக்காரர்கள். சலாவுதீன் அவர்களுக்கு ஒரு வருஷம் முந்தி வந்தவர். மராத்தியில் கத்தரிக்காய் விலை கேட்கத் தெரியும், போலீஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியும். அந்தத் தகுதியில் அவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கினார்கள்.

ஒரு மாலை மராத்தி நாடகம் ஒன்று வந்தது. கறுப்பு வெள்ளை. கடலோரப் பங்களாவில் ஒரு விஞ்ஞானி செய்த கருவியில் ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. அங்கே செத்துப்போனவளின் ஆவி என்று எல்லோரும் நடுங்குகிறார்கள். கடைசியில் பார்த்தால் அவள் இன்னும் பிறக்கவே இல்லை. நூறு வருஷம் கழித்து அதே வீட்டில் வாழப்போகிறவள், காலத்துக்குக் குறுக்கே பேசுகிறாள்.

மாமா சொன்னது வேறு நாடகம். அதில் கருவிக்குள் அடைபட்டுக் கிடந்தது ஜின் வீட்டு மணப்பெண். விஞ்ஞானிகள் கரும்பலகையில் சூத்திரம் எழுதி வாதாடிய இடமெல்லாம் "வரதட்சணை பேசுதாங்க" என்று ஓடியது. நாடகம் முடிந்து உரம் பற்றிய விவசாய நிகழ்ச்சி தொடங்கியதும் அவருக்குத் தெரியவில்லை. யூரியா மூட்டையோடு வந்த அதிகாரியைப் பெண்ணின் தாய்மாமனாக்கி, கல்யாணத்தை முடித்துவைத்த பிறகே எழுந்தார்.

அந்தக் கூட்டத்தில் நுஸ்ரத் மாமி இருந்தார். விஞ்ஞானி கருவியை நிறுத்தப் போகும்போது அந்தப் பெண் சொன்னதாக மாமா ஒரு வசனம் விட்டார்: "நிப்பாட்டிரு. நீ கூப்பிடுத வரைக்கும் இதுக்குள்ளயே கெடக்கேன்." மாமி அழுதாராம். அடுத்த வருஷம், பெண் கேட்டு வந்த மளிகைக்கடைக்காரரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பசைவாடையோடு திரிந்த சலாவுதீனைக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் என்பது மாமாவின் நாற்பது வருஷ நம்பிக்கை.

போன டிசம்பரில் அவர்கள் மகன் ஷாகிர் அந்த நாடகத்தை யூடியூபில் கண்டுபிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆனதும் உம்மாவுக்குப் போட்டுக் காட்டப்போவதாக அறிவித்தான்.

ஞாயிறன்று மாமா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அன்றைக்கு யாருக்கும் மராத்தி தெரியாது. இன்றைக்கு மாமி மீன்காரியோடு மராத்தியிலேயே சண்டை போடுகிறவர். ஜின்னும் பொய், வசனமும் பொய் என்று இந்த வயதில் மனைவிக்குத் தெரிந்துபோகும். என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், வைஃபையை ஏதாவது பண்ண முடியுமா என்று கேட்டார். முடியாதென்றேன். உள்ளே போய், பழைய படம் கண்ணுக்குக் கெடுதல் என்றார். பேய்க்கதை வீட்டுக்கு ஆகாது என்றார். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார். அஸருக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது.

ஷாகிர் போட்டுவிட்டான். பங்களா வந்தது, அலை வந்தது, விஞ்ஞானி வந்து ஒரு வாக்கியம் பேசினார். மாமா கட்டிலின் ஓரத்தில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி இருந்தார்.

"ஏலே, அந்தச் சத்தத்த நிப்பாட்டு," என்றார் மாமி.

"ஏம்மா?"

"ஒங்க வாப்பா சொல்லட்டும்."

மாமா கட்டிலைவிட்டு எழுந்தார். பிறகு ஸ்டூலை இழுத்து, சத்தம் இல்லாததால் இந்த முறை திரையைப் பார்த்துப் போட்டார். கரும்பலகை வந்ததும் மெல்ல, "வரதட்சணை பேசுதாங்க," என்றார்.

"வாப்பா, அவங்க கணக்குல்லா போடுதாங்க."

"வரதட்சணைக்குக் கணக்கு போடாண்டாமா? நீ சும்மா இரி," என்றார் மாமி.

அதற்குப் பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. ஜின்னுக்கு இந்த முறை இரண்டு தங்கைகள் கூடுதல். ஆனால் கருவியை நிறுத்தும் இடத்தில் அவருக்கு வசனம் மறந்துபோய்விட்டது. மாமிதான் எடுத்துக்கொடுத்தார். நாடகம் முடிந்து திரை கறுத்ததும், தாய்மாமன் எங்கே என்று மாமி கேட்டார்.

"வெட்டிட்டானுவ," என்றார் மாமா.

மாமி சத்தத்தை நிறுத்தச் சொன்னது பழைய பதிவின் இரைச்சல் பிடிக்காமல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்புக்கு முன்னால் மாமா தைத்த பை ஒன்றைக் கொடுப்பதற்காக மான்குர்தில் மாமியின் தங்கை ஆஸியா வீட்டுக்குப் போனேன். தேநீர் ஆறுவதற்குள் அவர் சொல்லிவிட்டார். தாராவிக்குக் குடிவருவதற்கு முன் அவர்கள் குடும்பம் இருந்த மராத்திப் பகுதியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாதாம். நுஸ்ரத் மாமி ஏழாவது வரை மராத்திப் பள்ளியில் படித்தவர். மராத்திப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். அதை மச்சானிடம் மட்டும் சொல்லக்கூடாதென்று, கல்யாணம் பேசிய அன்றே வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்.