எழுத்தில் வராத அழுகை

பல வருடங்கள் அரசுத் தரப்புச் சட்டத்தரணியாக இருந்தேன். யாருடைய தொலைபேசியை எந்தச் சட்டத்தின் கீழ் ஒட்டுக்கேட்கலாம் என்று புலனாய்வு அதிகாரிகளுக்கு விளக்குவதும் என் வேலைதான். பிறகு விலகி, வெள்ளவத்தை வீட்டின் முன்னறையை அலுவலகமாக்கிக்கொண்டேன். எதிர்த்தரப்பில் நான் எடுத்த முதல் தேசியப் பாதுகாப்பு வழக்கும் ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றியதே.

கைதானவன் கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்தவன். "சாமான் எல்லாம் வந்திட்டுது. ஐயர் வந்தவுடனை வேலையை முடிச்சிடலாம்" என்று யாழ்ப்பாணத்திலிருந்த அண்ணனிடம் சொல்லியிருந்தான். சிங்களத்தில் எழுதப்பட்ட அறிக்கையில் சாமான் ஆயுதமாகவும் ஐயர் ஓர் ஆளின் இரகசியப் பெயராகவும் மாறியிருந்தன.

"ஐயர் ஆர்?" என்று சிறையில் கேட்டேன்.

"ஐயர்தான், மிஸ். செத்துப்போன அப்பான்ர முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி செய்ய வாறவர். இதைத்தான் அவையிட்டயும் சொன்னனான்."

முழுப் பதிவையும் தரும்படி நீதிமன்றத்தில் கேட்டோம். தேசியப் பாதுகாப்பு என்று அரசுத் தரப்பு மறுத்தது. கடைசியில் நீதிபதி தன் அறையில் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு பதிவைப் போடச் சொன்னார். முதலில் கேட்டது ஒரு பெண்ணின் அழுகை.

"அம்மா சாப்பிட்டவவே?" என்றான் அண்ணன்.

"எங்க! அழுதுகொண்டே இருக்கிறா."

அதன் பிறகுதான் தர்ப்பை, வேட்டி, காய்கறி. பிறகு, அறிக்கையில் ஆயுதமான அந்தச் சாமான்.

அதைக் கேட்டு அறிக்கை எழுதிய அதிகாரியும் அங்கே இருந்தார். தமிழ் படித்த சிங்களவர். முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர். எல்லாமே சங்கேத மொழி என்று அவர் சாதித்திருக்கலாம். நீதிபதி கேட்டதும், தன் சந்தேகம் தவறு என்று சிங்களத்தில் நேராகவே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் என்னிடம் தமிழில், "மேடம், அழுற சத்தம் அன்றைக்கும் கேட்டது. நாங்க பேச்சை மட்டும்தான் எழுதுறது" என்றார்.

ஒட்டுக்கேட்பதே கூடாது என்று சொல்கிறவள் அல்ல நான். குண்டு வெடித்த நகரத்தில் வளர்ந்தவள். ஆனால் கேட்கிறவர் ஒருவர், எழுத்தை வாசித்து முடிவெடுப்பவர் இன்னொருவர் என்பது அன்றிலிருந்து என்னை உறுத்துகிறது.

வழக்கு கைவிடப்பட்டது. அவன் வரும்வரை தாய் அந்தியேட்டியைத் தள்ளிப்போட்டிருந்தார். அதற்கு என்னை அழைக்க அவன் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தான்.

"ஒரு கோல் எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"போனில சொல்ல மனம் வரேல்லை, மிஸ்."

போனேன். தாய் என் கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்து, தானே சோறு போட்டார்.